ரயில்கார்டு அவர்களுக்கு மட்டும்

என் வீட்டுக்காரர் கத்சுதோஷிக்கு உலகத்தில் பொறுக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். தான் சரியாக இருக்கும்போது எதிராளி தப்பாக இருக்கக் கூடாது. மழை பெய்தால் பொறுப்பார், பசித்தால் பொறுப்பார், என் சமையலையும் பொறுப்பார். இதை மட்டும் பொறுக்கமாட்டார்.

ஓய்வு பெறும்வரை ரயிலில் கார்டாக இருந்தவர். வண்டி கிளம்பும் முன் விரலை நீட்டி, வாய்விட்டு, "கதவு, சரி! சிக்னல், சரி!" என்று சொல்லிச் சொல்லி அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வேலையை விட்ட பிறகும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, "கேஸ், சரி! ஜன்னல், சரி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். ஒரு நாள் என்னையும் சுட்டிக்காட்டி, "சுமியே, சரி!" என்றார்.

"நான் என்ன சிக்னலா?" என்று கேட்டேன்.

"சிக்னலாவது சில நேரம் பச்சை காட்டும்," என்றார். அப்படி ஒரு மனுஷர். சிரிக்கவும் வைப்பார், கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருக்கும்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சினாட்சு, கனாசாவாவில் புருஷனோடு இருக்கிறாள். இளையவன் தோமோயா. பத்தொன்பது வயதில், மழையில், மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், வந்து சேரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வராது.

அவனுடைய பதின்மூன்றாம் ஆண்டு நினைவு வழிபாடு அந்த நவம்பரில் வந்தது. கோயிலிலிருந்து துறவி வருவார், சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று மாடி அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மினி டிஸ்க் கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுர பிளாஸ்டிக் கூடு. உள்ளே குட்டித் தட்டு. பிள்ளைகள் அந்தக் காலத்தில் பாட்டுப் பதிந்து கேட்பார்களே, அதுதான். மேலே தோமோயாவின் கோணல் எழுத்தில் "மதிய ஒலிபரப்பு" என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒலிபரப்புக் குழுவில் இருந்தான். எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் ஒலிபெருக்கியில் பேசுவான், பாட்டுப் போடுவான். ஆனால் அங்கே என்ன பேசுவான் என்று வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. சாப்பிட்ட டப்பாவைத் தொட்டியில் போட்டுவிட்டு மாடி ஏறிவிடுவான்.

எங்கள் வீட்டில் அவன் படங்கள் ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன. குரல் மட்டும் எங்குமே இல்லை. வீடியோ கேமரா வாங்கலாம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டே காலம் போய்விட்டது. முகம் மறக்கவில்லை, பார்த்துக்கொள்ளலாம். குரல்தான் வருஷத்துக்கு வருஷம் என் காதிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. தொண்டை கட்டினது போலப் பேசுவானா, மெல்லிசாகப் பேசுவானா? யோசித்து யோசித்து, கடைசியில் எனக்குக் கேட்பதெல்லாம் அவன் குரல்தானா, டிவியில் எவனோ பேசியதா என்றே தெரியாமல் போய்விட்டது. அந்த டிஸ்கைக் கையில் எடுத்தவள் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"வழிபாட்டன்னிக்கு எல்லாரும் இருக்கும்போது போட்டுக் கேப்போம்," என்றார் வீட்டுக்காரர்.

போட்டுக் கேட்க மெஷின் வேண்டுமே. பிள்ளையின் மெஷின் வீடு மாறும்போது பழைய சாமான்களோடு போய்விட்டது. கடையில் இப்போது யாரும் விற்பதில்லை. இன்டர்நெட்டில் இருக்கும் ஏலத் தளம்தான் கதி. ஏற்கெனவே அதில் அவருக்கு ‘ரயில்கார்டு’ என்ற பெயரில் ஒரு ஐடி உண்டு. சினாட்சு போட்டுக் கொடுத்தது. பழைய ஸ்டேஷன் பெயர்ப்பலகை, கார்டு தொப்பி என்று எதையாவது வாங்கி வீட்டை ரயில்வே கிடங்காக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மெஷினைப் பிடித்தார். விற்றவன் ஐடி ‘மலைக்கரடி’. கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஓடுகிறது. புகார் கூடாது. திருப்பித் தருவது கூடாது."

"இவன் என்ன, இப்பவே மிரட்டுறான்?" என்றேன்.

"எல்லாரும் போடுறதுதான். நாயே இல்லாத வீட்ல ‘நாய் ஜாக்கிரதை’ன்னு பலகை மாட்டுறதில்ல? அது மாதிரி."

பெட்டி வந்தது. அனுப்பியவன் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இப்போதெல்லாம் அப்படித்தான். வாங்குகிறவன் முகவரி விற்கிறவனுக்குத் தெரியாது, விற்கிறவன் முகவரி வாங்குகிறவனுக்குத் தெரியாது. பெட்டிமேல் பார்கோடு என்கிற கோட்டுக் குறி மட்டும். யாருக்கும் யாரையும் நம்பிக்கை இல்லாத காலத்தில் இது பெரிய வசதி என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அடியில் சூடேற்றும் கொதாத்சு மேசைமேல் மெஷினை வைத்து, போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "மின்சாரம், சரி! ஸ்பீக்கர், சரி!" என்றார். டிஸ்கை மெஷினின் வாயில் வைத்தார். மெஷின் அதை மெல்ல இழுத்துக்கொண்டது. ‘படிக்கிறது’ என்று எழுத்து ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ‘டிஸ்க் இல்லை’ என்றது.

"இல்லையா? இப்பத்தானே முழுங்கின, களவாணி!" என்று நான் மேசையைத் தட்டினேன்.

அவர் வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினார். உள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினார். அதுவும் அவ்வளவுதான். விரலை நீட்டினார், "சரி" என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கே கடிதம் எழுத உட்கார்ந்தார். தளத்துக்குள்ளேயே விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் பேச ஒரு பெட்டி உண்டு, அதில்தான். எங்கள் ஊர் ஆட்கள் கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டிவிடுவார்கள். "இலையுதிர் காலக் குளிர் கூடிவரும் இவ்வேளையில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என எண்ணுகிறேன்" என்று தொடங்கினால், எதிராளி தலையைக் குனிந்துகொள்வது நல்லது. அந்தக் கடிதத்தில் "மிகவும் வருந்துகிறேன்" என்று வந்த இடத்திலெல்லாம் "உன் தோலை உரிப்பேன்" என்று வாசித்துக்கொள்ளலாம்.

கரடியின் பதில் மறுநாள் வந்தது. வணக்கம் இல்லை, குளிர் இல்லை. "என்கிட்ட ஓடுச்சு. புகார் கூடாதுன்னு எழுதியிருக்கேன். படிக்காதவங்க ஏலம் கேக்க வேண்டாம்."

"பார்த்தியா! பார்த்தியா திமிர!" வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அதே சமயம் கண்ணில் ஒரு மினுக்கம். டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பிடித்த நாளில் சாப்பாட்டு நேரத்தில் அந்த மினுக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சினாட்சுவிடம் சொன்னேன். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, அந்தச் சண்டைய விடுங்க. ஸ்டேஷன் பக்கத்துல ரேடியோ ரிப்பேர் பண்றவர் இருக்கார்ல, அவர்கிட்டக் கொண்டுபோய்த் திறந்து டிஸ்க எடுங்க. மெஷின் நாசமாப் போகட்டும். வேற வாங்கிக்கலாம்."

"திருகாணியில கை வெச்சா நம்ம கேஸு போச்சும்மா. திறந்த பொருளத் திருப்பி எடுக்கமாட்டாங்க. அதுக்குத்தான் அவன் காத்துட்டு இருக்கான்."

"போனா என்ன? ரெண்டு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக் காசு."

"காசுக்காகவா பேசுறேன்?"

"பின்ன எதுக்குப்பா?"

"சரின்னு ஒண்ணு இருக்குல்ல, உலகத்துல?"

அடுப்பில் முள்ளங்கியும் மீனும் கொதித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த இடத்தில் நான் மெஷினைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் போயிருக்க வேண்டும். இன்றைக்கு ஆயிரம் தடவை போகிறேன், மனசுக்குள்.

அவர், தளத்தின் தகராறு தீர்க்கும் மேசைக்குப் புகார் கொடுத்தார். படம் எடுத்து அனுப்பினார், வீடியோ எடுத்து அனுப்பினார். வீடியோவில் அவர் விரல் வந்து பொத்தானைச் சுட்டி, "வெளியே தள்ளும் பொத்தான், அழுத்துகிறேன்! வரவில்லை!" என்று அறிவிக்கும். அங்கே யாரோ ஒரு பிள்ளை அதைப் பார்த்து வாய்பொத்திச் சிரித்திருக்கும். ஆனால் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பொருளைத் திறக்காமல், வந்த நிலையிலேயே, முகவரியில்லா முறையில் திருப்பி அனுப்பவும். பணம் திரும்பக் கிடைக்கும்.

"அப்ப டிஸ்கு?" என்று கேட்டேன்.

அதற்கும் கரடியே பதில் எழுதினான். "அனுப்புங்க. நானே திறந்து டிஸ்க எடுத்துத் தர்றேன். நீங்க நோண்டாதீங்க. தப்பாத் திறந்தா உள்ள இருக்கிற ஹெட்டு டிஸ்கக் கீறிடும்."

எனக்கு அந்தக் கடைசி வரி என்னவோ செய்தது. திட்டுகிறவன் எதற்குக் கீறல் விழுவதைப் பற்றிக் கவலைப்படுகிறான்? சொன்னேன்.

"நடிப்பு," என்றார் வீட்டுக்காரர். "தோக்கப்போறான்ல, இறங்கி வர்றான்."

பெட்டி கட்டினார். "மெஷின், சரி! வயர், சரி! டிஸ்க், உள்ளே, சரி!" நான் ஒட்டுநாடா ஒட்டும் முன் மெஷின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன். உள்ளே என் பிள்ளை இருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூலைக்கடையில் பெட்டியைக் கொடுத்தபோது அந்தப் பெண் கோட்டுக் குறியைப் பீப் என்று வாசித்தாள், நன்றி என்றாள், எடுத்து உள்ளே வைத்தாள்.

பணம் திரும்ப வந்தது. அன்று அவர் சாக்கே என்கிற அரிசி மது வாங்கிவந்து எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். இத்தனை வயதில் ஒரு கரடியை மண்டியிட வைத்திருக்கிறாராம். நானும் குடித்தேன். எனக்கும் உள்ளே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

இரண்டு நாளில் கரடியிடமிருந்து ஒரு சொல் வந்தது. ஒரே ஒரு சொல். "முகவரி?"

"பாரு இவன! வணக்கம் கிடையாது, மன்னிப்பு கிடையாது. முகவரியாம்!"

"குடுங்களேன். டிஸ்க அனுப்பத்தானே கேக்குறான்?"

"தோத்தவன் முகவரி கேட்டா எதுக்குன்னு உனக்குத் தெரியுமா? வீட்டு மேல கல்லெறியக் கேப்பான். தளத்துலயே எழுதியிருக்கு, சொந்த விவரம் எதையும் பெட்டியில எழுதக் கூடாதுன்னு. விதி அது."

"நம்ம வீட்ல என்ன பொதையலா இருக்கு? ரெண்டு ஸ்டேஷன் பலகையும் உங்க தொப்பியும். வேணும்னா எடுத்துட்டுப் போகட்டும்!"

"விதின்னா விதி, சுமியே."

"பொருளை வழக்கம்போல் முகவரியில்லா முறையில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினார். அதற்குக் கரடி பதில் போடவில்லை.

நாள் ஓடியது. கடல் பக்கமிருந்து நவம்பர் இடி உருள ஆரம்பித்துவிட்டது. வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது, துறவி உட்கார மெத்தை தைத்தாகிவிட்டது, டிஸ்க் மட்டும் வரவில்லை. தினமும் தளத்தில் பேசும் பெட்டியைத் திறந்து பார்ப்பார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தவள் சும்மா இருக்காமல், "அவன் வெச்சுக்கிட்டே ஏமாத்துறான் போல," என்று வாயை விட்டேன்.

அவ்வளவுதான், தீக்குச்சி கிழித்தாற்போல ஆகிவிட்டது. அந்தத் தளத்தில் வியாபாரம் முடிந்தால் ஒருவருக்கொருவர் மதிப்பீடு போடுவது வழக்கம். ‘மிக நன்று’ முதல் ‘மிக மோசம்’ வரை உண்டு. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், விற்கிறவனுக்கு அதுதான் மானம். வீட்டுக்காரர் கரடிக்கு ‘மிக மோசம்’ போட்டார். கூடவே எழுதினார்: "பொய் விவரம். மரியாதை அறியாதவர். இறந்த மகனின் நினைவுப் பொருளைத் திருப்பித் தராமல் வைத்திருக்கிறார். இவரிடம் யாரும் வாங்க வேண்டாம்." அதையே தகராறு மேசைக்கும் புகாராக அனுப்பினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மரியாதைத் தமுக்கு அடித்துக்கொண்டு வருகிற ஆத்திரத்துக்கு அதைவிட மட்டு.

மறுநாள் காலையில், "உங்கள் மதிப்பீட்டுக்குப் பதில் வந்துள்ளது" என்று ஃபோன் மணியடித்தது.

"திட்டி எழுதியிருப்பான். காலங்காத்தால எதுக்கு அதப் படிச்சு வயித்தெரிச்சல்?" என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். அன்று சாயங்காலம் இன்னொரு மணி. தளத்திலிருந்து. அதைப் படித்தார். புகாரை ஆராய்ந்தார்களாம், அந்த ஆள்மேல் முன்பே வேறு புகார்களும் இருந்தனவாம், ஐடியை நிறுத்திவிட்டார்களாம்.

"ஒழிஞ்சான்!" என்றார். விரலை நீட்டி ஃபோனைச் சுட்டி, "மலைக்கரடி, சரி!" என்றார்.

"அப்ப டிஸ்கு எப்படி வரும்?"

"இனி தளமே வாங்கிக் குடுக்கும். தப்புப் பண்ணினது அவன்."

வழிபாட்டுக்கு முந்தின நாள் சினாட்சு வந்தாள். அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டே, அப்பாவின் ஃபோனை வாங்கி என்னதான் நடந்தது என்று பார்த்தாள். அந்தப் பதிலைத் திறந்தவள் அவள்தான். முதலில் வாய்க்குள் படித்தாள். பிறகு வெங்காயத்தாளைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அடுப்ப அணைச்சுட்டு வாங்க. அப்பாவக் கூப்பிடுங்க."

அவள் சத்தமாகப் படித்தாள். எனக்கு அது மனப்பாடம்.

"டிஸ்க் பத்திரமா வெளிய வந்துடுச்சு. கீறல் இருக்கான்னு பார்க்க முழுசாக் கேட்டேன், அதுக்கு மன்னிக்கணும். பள்ளிக்கூடத்துப் பையன் பேசுறான். நல்ல குரல். நடுவுல தும்மிட்டு அவனே சிரிக்கிறான். கடைசில, ‘எங்கம்மாவுக்கு ஒரு அறிவிப்பு, இன்னிக்கு முட்டைச் சுருள் ரொம்ப இனிப்பு, கூட்டாளிங்க கிண்டல் பண்றாங்க, ஆனா நாளைக்கும் அப்படியே வைங்க’ங்கிறான். இறந்தவர்னு இப்பத்தான் உங்க மதிப்பீட்டைப் பார்த்துத் தெரிஞ்சது. முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாதிரிப் பேசியிருப்பேன். ஏலத்துல விக்காத பொருள முகவரியில்லா முறையில அனுப்ப வழி இல்ல, அதான் முகவரி கேட்டேன். வேணாம்னுட்டீங்க. சரி, ஒரு யென்னுக்கு ஏலத்துலயே போட்டுட்டேன், உங்க பேருக்குன்னே. எடுத்துக்குங்க. முறைப்படி வந்துடும்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் முதலில் நினைத்தது டிஸ்கை அல்ல, மதிய டப்பாவில் நான் சர்க்கரை போட்டுச் சுருட்டி வைக்கும் முட்டையை. தோமோயா ஒரு நாள் வீட்டில், "அம்மா, சர்க்கரையக் கொறைங்க," என்று சொன்னான். அன்றிலிருந்து நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் இனிப்பே போடாமல் விட்டுவிட்டேன். அவன் ஒலிபரப்பில் சொன்னது எந்த நாளோ, அதற்கு முன்னாலா பின்னாலா, எனக்குத் தெரியாது. முன்னால் என்றால் அவன் குறைக்கச் சொன்னது நிஜம். பின்னால் என்றால் பள்ளிக்கூடம் பூராவும் கேட்கும்படி அவன் வேண்டுமென்று சொன்ன ஒன்றை நான் நிறுத்திவிட்டேன். டிஸ்கைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஒலிபரப்பில் தேதி சொல்லியிருப்பான்.

சினாட்சு அந்தப் பொருளைத் தேடினாள். வந்துவிட்டது. ஏலப் பக்கம் இருந்தது. விற்கிறவர்கள் ஒருவருக்கென்று ஒதுக்கி வைக்கும்போது அப்படித்தான் தலைப்புப் போடுவார்கள்: "ரயில்கார்டு அவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் கேட்க வேண்டாம்." படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரம். அதற்குக் கீழே, "விற்பனையாளரின் ஐடி நிறுத்தப்பட்டதால் இந்தப் பொருள் நீக்கப்பட்டது."

"அன்னிக்குக் காலையிலதான் போட்டிருக்கார்ப்பா," என்றாள் சினாட்சு. "சாயங்காலம் எடுத்துட்டாங்க. பகல் பூரா இருந்திருக்கு."

வீட்டுக்காரர் விரலை நீட்டினார். அந்தச் சாம்பல் சதுரத்துக்கு நேராக விரல் நின்றது. பிறகு அதை மடக்கி மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது. கையில் கரண்டி இருந்தது. "காலையில ஃபோனைத் திருப்பியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். முடிக்கவில்லை.

சினாட்சு தளத்துக்கு எழுதினாள், அழுது எழுதினாள். "தனிநபர் விவரங்களைத் தெரிவிக்க இயலாது, புரிதலுக்கு நன்றி" என்று பதில் வந்தது. பேசும் பெட்டியும் மூடிவிட்டது, எழுதினால் போகாது. நகரசபையில் நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லும் அம்மாளிடம் நானும் அவரும் போனோம். இதமாகப் பேசுகிறவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. அவரை நிறுத்தச் சொல்லிப் புகார் குடுத்தது யாருங்க?"

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர்.

"அவர் திருடல. குடுக்கத்தான் பார்த்திருக்கார். அதனால போலீஸும் கேக்கமாட்டாங்க. நீங்க ஜெயிச்ச கேஸுங்க இது. ஜெயிச்ச கேஸுக்கு எங்ககிட்ட வழி இல்லைங்க."

இதற்கிடையில் குறித்த நாளில் வழிபாடு நடந்தது. துறவி ஓதினார், ஊதுபத்தி புகைந்தது, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போனார்கள். மெஷினுக்கென்று துடைத்து வைத்த இடத்தில் நான் ஒரு தட்டில் முட்டைச் சுருள் வைத்தேன். சர்க்கரையை அள்ளிப் போட்டேன். என் நாத்தனார் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுவிட்டு, "என்ன அண்ணி, பலகாரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் ஒரு காரியம் தொடங்கினார். தளத்தில் யார் மினி டிஸ்க் மெஷின் விற்றாலும், பொருளைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடத்தில் போய் எழுதினார்: "தவறாக எண்ண வேண்டாம். தாங்கள் முன்பு மலைக்கரடி என்ற பெயரில் இருந்தவரா?" ஐடி போனவன் வேறு பெயரில் வந்திருக்கலாம் அல்லவா? சிலர் "இல்லை" என்றார்கள். சிலர் பதிலே போடவில்லை. ஒருவன், "யாரைப் பார்த்துக் கரடிங்கிற, கிழவா?" என்று எழுதினான். அதற்கு இவர் மன்னிப்புக் கேட்டு, குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதினார். இந்தத் தடவை அந்தக் குளிருக்குள் எந்தத் தோலுரிப்பும் இல்லை. பாவம், நிஜமாகவே உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரு நாள் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. விற்பனையாளர்களுக்குத் தொல்லை தருவதாக அவர்மேல் புகார்கள் வந்திருக்கின்றனவாம். தொடர்ந்தால் ‘ரயில்கார்டு’ நிறுத்தப்படுமாம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"நிறுத்தினா நிறுத்தட்டும். நீங்க கேளுங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அவனுக்கு நம்மள எப்படித் தெரியும், சுமியே? பேரு தெரியாது, ஊரு தெரியாது. ரயில்கார்டுன்னுதான் தெரியும். அவன் என்னிக்காவது தேடி வந்தா, இந்தப் பேரு இருக்கணும்ல?"

அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டார். ரொம்ப நாள் எதுவும் வாங்காமல் இருந்தால் ஐடியைத் தூக்கிவிடுவார்கள் என்று சினாட்சு சொன்னதிலிருந்து, அவ்வப்போது எதையாவது வாங்குகிறார். வேண்டாத சாமானாகப் பார்த்து வாங்குகிறார். போன வாரம் ஒரு தேநீர்க் கோப்பை வந்தது. பிரித்தால் காது உடைந்து தனியாகக் கிடந்தது.

"ஒழுங்காச் சுத்தி வெக்கல, மடையன்," என்றேன்.

"வழியில உடைஞ்சிருக்கும்," என்றார். உட்கார்ந்து ‘மிக நன்று’ போட்டார். கிழிந்த காலுறைக்கும் ‘மிக நன்று’தான், ஓடாத கடிகாரத்துக்கும் ‘மிக நன்று’தான். அவர் ரயிலில் இருந்த காலத்தில் ஒரு நிமிஷம் தாமதமாக ஓடி வந்தவனுக்குக் கதவு திறக்காத மனுஷர்.

கரடிக்குப் போட்டதையும் மாற்றப் பார்த்தார். அந்தத் தளத்தில் போட்டவரே மதிப்பீட்டைத் திருத்தலாம். ‘மிக மோசம்’ இருந்த இடத்தை அழுத்தி, ‘மிக நன்று’ என்று தேர்ந்தெடுத்து, மேலே எழுத ஒரு மதியம் முழுக்க யோசித்தார். கடைசியில் எழுதியது, "கேட்டதற்கு நன்றி" என்று மட்டும். அனுப்பும் பொத்தானை அழுத்தினார். "இவர் இப்போது உறுப்பினர் அல்ல. மதிப்பீட்டை மாற்ற இயலாது" என்று வந்தது.

எங்கோ ஒரு வீட்டில் என் பிள்ளையின் குரல் ஒரு மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. அதைக் கடைசியாகக் கேட்டவன் நாங்கள் நாசமாக்கிய மனுஷன். நல்ல குரல் என்றான். நான் நம்புகிறேன். என்கிட்ட ஓடுச்சு என்று அவன் சொன்னதையும் இப்போது நம்புகிறேன்.

தினமும் காலையில், சாப்பிடும் முன், வீட்டுக்காரர் ஃபோனை எடுத்துத் தேடும் இடத்தில் "ரயில்கார்டு அவர்களுக்கு மட்டும்" என்று எழுதிப் பார்க்கிறார். பொருந்துவது எதுவும் இல்லை என்று வருகிறது. ஃபோனைக் கவிழ்க்காமல், முகம் மேலே பார்க்கும்படி வைத்துவிட்டு, நான் வைக்கும் இனிப்பு முட்டைச் சுருளைச் சாப்பிடுகிறார். அவருக்கு இனிப்பு ஆகாது, டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். இருந்தும் நாளைக்கும் அப்படியே வை என்கிறார்.